வியாழக்கிழமை சிக்னல்

சில்வெஸ்டர் செத்து நாலு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், குளோரியா முதல்முறையாகத் திறந்த அவனுடைய லேப்டாப் அவனுடைய டோங்கிளோடு தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

குளோரியாவுக்குக் குலை நடுங்கிவிட்டது. விரலளவு டோங்கிள் அது. எங்கே சார்ஜர் ஓட்டையைக் கண்டாலும் அதைச் செருகி வைஃபை உண்டாக்கிக்கொள்வான் அவள் புருஷன். வேறு யார் போனிலும் அந்த வைஃபையின் பெயர் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தான். அந்த லேப்டாப் ஒன்றுக்குத்தான் தெரியும். வைட்ஃபீல்ட் ஆபீசிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது சில்வெஸ்டருக்கு நெஞ்சுவலி வந்தது. பை வீட்டுக்கு வந்தது, லேப்டாப் வந்தது, டோங்கிள் மட்டும் வரவில்லை. ஆட்டோக்காரர் ஆஸ்பத்திரி கேட்டில் இறக்கிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாராம். "நாங்க பார்க்கும்போதே உயிர் இல்லை" என்றார் டாக்டர். கடைசியில் அவன் என்ன சொன்னான், யாரைத் தேடினான் என்று சொல்ல ஓர் ஆளில்லை. அந்தக் கேள்வி அவளைக் கறையானாக அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழனும் ஆறேகாலுக்கு அது வந்தது. ரீசார்ஜ் இல்லாததால் நெட் இல்லை. பெயர் மட்டும் இருபது நிமிஷம் இருந்துவிட்டுப் போனது. பேய் கிழமை பார்த்தா வரும்? அவள் வீடு இருக்கும் விவேக் நகரில் வியாழக்கிழமை என்றால் குழந்தை இயேசு கோயிலுக்கு ஊரே திரண்டு வரும். வந்து போவது யாரோ மனுஷன்தான் என்று அவளுக்குப் பொறி தட்டியது.

அதற்குள் ஒரு கிறுக்குத்தனம் செய்தாள். திங்கட்கிழமை, திரையில் 'அப்டேட்' என்று கெஞ்சிக்கொண்டே இருந்ததை அழுத்தித் தொலைத்தாள். சில்வெஸ்டர் இருந்தவரை அதைத் தொடவே விட்டதில்லை. விண்டோஸுக்குப் பதில் அவன் போட்டிருந்த லினக்ஸ் புதுசாக எழுந்து வந்தது, வைஃபை செத்துப் போயிருந்தது.

கொழுந்தன் அமலுக்குப் போன் போட்டாள்.

"அந்த வைஃபை கார்டை ஓட்டுற டிரைவர் புரோகிராமே லினக்ஸ்ல கிடையாது அண்ணி. அண்ணனே அதோட சோர்ஸ் கோடு எடுத்துக் கட்டி வச்சிருந்தான். அப்டேட் ஆனா கர்னல், அதான் லினக்ஸோட அடிப்பாகம், மாறிடும், பழைய டிரைவர் ஒட்டாது. ஒவ்வொரு வாட்டியும் திரும்பக் கட்டணும். விடுங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுத் தரேன்."

"அழிச்சா அந்த டோங்கிள் பாஸ்வேர்டு?"

"அதுவும் போயிடும்."

"அப்ப கட்டுறது எப்படின்னு மட்டும் சொல்லு."

டிரைவர் கட்ட நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. போனைக் கேபிளில் மாட்டி அது வழியாக நெட் எடுக்க அமல் சொல்லிக்கொடுத்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. டிரைவர் கட்டுவதற்கென்று சில்வெஸ்டர் லேப்டாப்பிலேயே எழுதி வைத்திருந்த கட்டளை வரிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். எரர். ஓர் எழுத்து விட்டிருந்தாள். மறுபடி எரர். "அங்க ஸ்பேஸ் விடு, குளோரி" என்று அவன் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

வியாழன் ஐந்தரைக்குத்தான் கார்டுக்கு உயிர் வந்தது. அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் மளமளவென்று வரிசை கட்டின. ஆறு இருபதுக்கு டோங்கிள் ஒட்டியது. சிக்னல் ஒரே ஒரு கோடு.

திறந்த லேப்டாப்பைக் கைப்பிள்ளைபோல ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கினாள். மெழுகுவர்த்தி விற்கிறவள் வாயைப் பிளந்து பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். பூக்கடைப் பக்கம் போனால் கோடு மறைந்தது. ஆட்டோக்கள் நிற்கும் பக்கம் திரும்பியதும் இரண்டு, மூன்று, நாலு. ஓர் ஆட்டோவின் பின்சீட்டுச் சார்ஜரில் செருகியிருந்த டோங்கிளின் நீல விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

கோயிலிலிருந்து நெற்றி நிறைய விபூதியோடு ஓர் ஆள் வந்தார்.

"எங்க போணும் மேடம்?"

"அது என் வீட்டுக்காரரோடது" என்று விளக்கைக் காட்டினாள்.

மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜோகுபாளையத்துக்காரராம், பெயர் சுந்தரம்.

"அத்தக் கழட்டக் கை வரல மேடம். கழட்டுனா அவரு வந்து கேப்பாரோன்னு பயம். அதான் வாரா வாரம் வந்து ஒரு மெழுகுவத்தி ஏத்துறேன்."

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு வரும்போது உயிர் இருந்துச்சா?"

சுந்தரம் அவளைப் பார்க்கவில்லை.

"இருந்துச்சு. என் சட்டையைப் புடிச்சிக்கினு வுடல. 'போவாதீங்கண்ணா, என் சம்சாரம் வர்ற வரைக்கும் இருங்க'ன்னாரு. போலீசு, கேசுன்னு அலைய வெப்பாங்களேன்னு... வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சி வுட்டுட்டு வந்துட்டேன்."

அவரை அங்கேயே கொன்றுபோடலாம் போலிருந்தது குளோரியாவுக்கு. அதே வாயால் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கவும் வேண்டியிருந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கே போங்க."

"மேடம்..."

"அதே கேட்டுல என்னை இறக்கி விடுங்க. நான் போங்கன்னு சொல்ற வரைக்கும் அங்கயே நில்லுங்க."

சுந்தரம் மீட்டர் போடாமல் வண்டியைக் கிளப்பினார்.