பகலில் சாத்திய கதவு

போடியில் வியாபாரிகள் குடியிருந்த பழைய தெருவில், ஜெபஷீலாவின் வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். மூணாறு போகிறவர்கள் தங்கிச் செல்ல மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். காலைச் சாப்பாடும் அதில் சேர்த்தி. ஏலக்காய் மூட்டை சுமந்து வருகிறவர்கள் காத்து நிற்கக் கூடாதென்று, மாமனார் காலத்திலிருந்தே வாசல் கதவைப் பகலில் சாத்தியதில்லையாம். கயல் வந்து இறங்கிய சாயங்காலமே அந்தப் பெருமையைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு, ஏலக்காயைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் கயலுக்கு நேர்முகத் தேர்வு. வேதியியல் படித்த மூன்று வருடமும் அவள் நினைத்திருந்த வேலை. வீட்டில் சொல்லவில்லை. சான்றிதழ் வாங்க மதுரை விடுதியில் நிற்பதாகச் சொல்லியிருந்தாள். ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பரிசம் போட வருகிறார்கள், வேலைக்குப் போகிற பெண் வேண்டாம் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சு.

எல்லாம் சரியாகத்தான் யோசித்திருந்தாள். ஆனால் பதிவேட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்த ஜெபஷீலா, "மார்க்கையன்கோட்டையில யாரு மக நீ?" என்று கேட்டதும் வாய் தன்னால் திறந்துவிட்டது. பெரியவர்கள் அப்படிக் கேட்டால் பொய் சொல்லிப் பழக்கமில்லை. செல்லப்பாண்டி மகள் என்றாள். தெரிந்த பெயர்தான் என்பதுபோல ஜெபஷீலா தலையாட்டினார்.

காலையில் இட்லி வந்தது. பிறகு தோசை. போதும் என்றதும் பணியாரம். ஒன்பதரைக்கு எழப்போனவளை, பால் பொங்கப்போகிறது, ஒரு வாய் காப்பி குடிக்காமல் போகக் கூடாது என்று உட்கார்த்தினார் ஜெபஷீலா. பேச்சு இவளோடு, கண் சுவர்க் கடிகாரத்தில். கயல் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, ஜெபஷீலாவின் கணவர் ஜேசுராஜ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவுக்குப் போன் பண்ணீகளா?"

"பொம்பளப் பிள்ள தனியா வந்து தங்கியிருக்க. நாளைக்கு எங்களத்தான தாயி கேப்பாக? வந்துக்கிட்டிருக்காக. நீ சாப்பிடு."

உபசாரம் என்று நம்பி, வேண்டாமென்று சொல்லக் கூசி, ஒவ்வொன்றாகத் தின்றிருக்கிறாள். அவர்கள்மேல் வந்ததைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிது. கை கழுவாமலே எழுந்து பையை இடது கையில் எடுத்தாள்.

"வாடகைக்குத்தான ரூம் குடுத்தீக? காவல் காக்கச் சொல்லி யாரு கேட்டா?" கதவைக் காட்டினாள். "பகல்ல சாத்தாத கதவுன்னு சொன்னீகளே. தொறங்க. இல்லன்னா தெருவையே கூப்பிடுவேன்."

தெரு என்றதும் ஜேசுராஜ் எழுந்து நாற்காலியை நகர்த்தினார்.

தெருமுனையிலேயே அப்பாவின் வண்டி எதிரே வந்தது. ஏறு என்றார்.

"பத்து மணிக்கு இண்டர்வியூ. அங்கன கொண்டுபோய் விடுறதுன்னா ஏறுறேன்."

"தெருவுல வச்சு மானத்த வாங்காத."

"நான் வாங்கல. வீட்டுக்குள்ள வச்சுச் சாத்துனாகளே, அவுகளக் கேளுங்க."

அவள் நடந்தாள். வண்டி திரும்பி அவள் நடைக்கு ஊர்ந்து வந்தது. இரண்டு தெருவும் ஒரு சந்தும் அப்படியே வந்தது. அவர் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆய்வுக்கூட வாசல் குழாயில் காய்ந்துபோன கையைத் தேய்த்துக் கழுவினாள். நகத்துக்குள் சட்னி சிவப்பு போகவில்லை. அந்தக் கையாலேயே பேனாவை வாங்கி வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதினாள். யாருடைய மகள் என்று அதில் கேட்கவில்லை.

வெளியே வண்டிச் சத்தம் நின்றது. அப்பா இறங்கினாரா என்று அவள் பார்க்கவில்லை.