கலீல் பாய் ஊற்றிய ஆயில்

கலீல் ரகுமானுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. "இனிமே பட்டறை வாணாம், ஊட்ல இரு வாப்பா" என்று மகள் அலீனா தலைபாடாக அடித்துக்கொண்டாள். மனுஷன் கேட்டால்தானே! "ஒரே ஒரு தப்பு பண்ணாலும் பட்டறைலேர்ந்து நானே நின்னுக்கிறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, பூந்தமல்லியில் பஸ் ஏறி நெமிலிச்சேரிப் பட்டறைக்கு வந்துவிட்டார். பட்டறைக் கூட்டாளி டில்லிபாபுவுக்கும் இது தெரியும்.

அன்று நின்றது ராணுவ ஏலத்தில் எடுத்த கிழட்டு லாரி. அதன் ஏர் ஃபில்டருக்கு அடியில், தூசி படிவதற்கென்று ஓர் ஆயில் கிண்ணம் உண்டு. ஆயில் அளவுக்கோட்டைத் தாண்டினால் எஞ்சின் அதையும் உறிஞ்சிக் குடிக்கும். அப்புறம் டீசலை நிறுத்தினாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

டில்லிபாபு ஸ்டார்ட் செய்த இரண்டாவது நிமிடம் எஞ்சின் தறிகெட்டு அலறியது. ஸ்டாப் கம்பியை இழுத்தான், அடங்கவில்லை. புகை பட்டறையை மூடியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வெடித்துச் சிதறும்.

"எறங்கி ஓடுடா!"

கலீல் பலகைத் துண்டோடு வந்தார். ஏர் ஃபில்டர் குழாயைப் பிடுங்கிப் போட்டு, எஞ்சினுக்குக் காற்று போகும் வாயைப் பலகையால் அடைத்து அழுத்தினார். எஞ்சின் மூச்சுத் திணறி நின்றது. பலகை அவர் உள்ளங்கையைக் கிழித்திருந்தது.

கிண்ணத்தைக் கழற்றினால், அவ்வளவு குடித்த பிறகும் ஆயில் கோட்டுக்கு மேலேயே நின்றது.

"காலைல நான்தான் ஊத்துனேன். அளவுக்கோடு தெரிலடா எனுக்கு" என்றார் கலீல். "உன்னக் கொன்னுருப்பேன். போதும், இன்னியோட சரி." கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மகளுக்குப் போன் போட எடுத்தார்.

டில்லிபாபு மட்கார்டைத் திரும்பிப் பார்த்தான். ஆயில் ஊற்றியவர் மட்கார்டில் சாக்பீஸ் கோடு போட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். கலீல் போட்ட கோடு அங்கே பளிச்சென்று இருந்தது. போனில் அரட்டை அடித்துக்கொண்டே வந்த டில்லிபாபு அதைப் பார்க்காமல் இன்னும் அரை லிட்டர் ஊற்றியிருந்தான்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பாவி, கலீல் நம்பரைத் தேடி எடுக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"பாய், போனை வைங்க. நீங்க கரெக்டாத்தான் ஊத்துனீங்க. அதுக்கு மேல ஊத்துனது நான். சாக்பீஸ் கோட்டப் பாக்கவே இல்ல."

அறை விழும் என்று கன்னத்தைக் கொடுத்து நின்றான். கலீலோ அவனை வெறித்துப் பார்த்தார்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான் கீதுன்றியா?"

ரத்தம் சொட்டும் கையோடு சிரித்தார், கண்ணில் நீர் வழியச் சிரித்தார். கன்னத்தில் அந்த அறையே விழுந்திருக்கலாம் என்று இருந்தது டில்லிபாபுவுக்கு.