உடன் வந்த ஒருவர்

விபத்துச் செய்தி நாளேட்டில் நான்கு வரியாக வந்திருந்தது. கச்சேரி முடித்துத் திரும்பிய வண்டி கவிழ்ந்தது, பாடகருக்குக் கை எலும்பு முறிந்தது, ரசிகர்கள் கவலை, உடன் வந்த ஒருவர் உயிரிழந்தார். கை முறிந்தவருக்குப் பெயர் இருந்தது, பட்டம் இருந்தது, படமும் இருந்தது. உயிர் போனவளுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. ஆர்மோனியம் வாசித்தவள் என்று சொல்லக்கூட அந்த நான்கு வரியில் இடமில்லாமல் போயிற்று.

இறந்தவளின் தாய் தையற்கடை நடத்துகிறவர். அழுது தீர்ந்த பிறகு அவர் ஒன்றைச் செய்தார். மகள் நினைவாக ஓர் உதவித்தொகை: சுற்றியுள்ள சிற்றூர்களின் இளம் இசைப் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவருக்கு நகரத்து இசைக் கல்லூரியில் படிப்பும் விடுதியும். இன்னார் பிள்ளை, இன்ன தெரு என்று பார்த்துவிட்டுக் காது கொடுக்கும் கயமை ஒழிய வேண்டும் என்பதற்காக, தேர்வறையின் குறுக்கே தம் கையால் தைத்த திரை ஒன்றையும் தொங்கவிட்டார். அப்பால் பாட்டு, இப்பால் நடுவர். முகம் தெரியாது, உடுப்பின் கிழிசல் தெரியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மறைக்கக் கூடாத ஒன்றையும் அந்தத் திரை சேர்த்தே மறைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் ஆண்டுத் தேர்வு பள்ளிக்கூட ஆய்வகத்தில் நடந்தது. சொட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் துணி சுற்றிக் கட்டியிருந்தார் தாயின் தம்பி. உதவித்தொகைக் குழுவின் செயலாளர் அவர். நகரத்திலிருந்து வந்த இசை ஆசிரியர் நடுவர்; அவர் பக்கத்தில் தாய். நான்காவது பிள்ளை பாடி முடித்ததும் ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

“எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேம்மா. இப்படிப் பார்த்ததே இல்ல. ஒரு பிள்ளைகூடச் சுருதி விலகலையே! யாருக்குன்னு குடுக்கிறது?”

“எங்க ஊர்த் தண்ணி அப்படி, சார்” என்றார் செயலாளர்.

“அதே தண்ணியத்தானடா நீயும் குடிக்கிற? நீ வாயத் தொறந்தா தெரு நாய் எந்திரிச்சுப் போகுது” என்றார் அக்காள்.

திரைக்கு அப்பால் யாரோ இருமினார்கள். விட்டு விட்டு வந்த வறட்டு இருமல். தாய்க்கு மனம் கேட்கவில்லை; தண்ணீர்க் குவளையோடு திரையை விலக்கினார். சற்றுமுன் பாடி முடித்த பால் பண்ணைக்காரர் மகள் கைகட்டி நின்றாள். இருமியவள் அவள் அல்லள். ஆர்மோனியத்தின் பின்னே உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண்.

“குடிம்மா. நீ எப்பப் பாடப்போற?”

“நான் பாடலைங்கம்மா. பெட்டி வாசிக்க வந்தேன்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்தான்.”

“இந்தப் பக்கத்துக்கே பெட்டிக்காரி இவ ஒருத்திதாம்மா” என்றாள் பண்ணைக்காரர் மகள். “நாங்க வழுக்கினா கீழ விழறதுக்குள்ள பிடிச்சிருவா.”

“போன வருஷம் யாரு வாசிச்சா?”

“நான்தாங்கம்மா. அதுக்கு முந்தின வருஷமும்.”

இரண்டு ஆண்டுகள், தம் மகளின் பெயரைச் சொல்லி, தம் மகளைப் போன்ற ஒருத்தியைத் தாண்டிக் கை நீட்டிப் பரிசு கொடுத்திருக்கிறோம் என்பது தாய்க்கு விளங்கிற்று. குவளையை மேசைமேல் வைத்தார்.

ஆசிரியரும் எழுந்து வந்துவிட்டார். “அப்ப இவ்வளவு நேரமா நான் மார்க் போட்டது யாருக்கு?” என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

“நீ ஏம்மா மனுப் போடல?” என்றார் தாய், பெட்டிக்காரியிடம்.

“இது பாடறவங்களுக்குத்தானேம்மா?”

எந்த விதியிலும் அப்படி எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவை என்ன? முன்னே நிற்பவர் முன்னே நிற்பவர், உடன் வருபவர் உடன் வருபவர் என்னும் கட்டளை ஏட்டில் இல்லை, முதுகெலும்பில் இருக்கிறது. வணங்கி வணங்கி வளைந்த முதுகு, தன் வளைவையே அளவென்று நம்பிவிடுகிறது!

“யாருக்காகவும் இல்லாம, உனக்காக ஒண்ணு வாசி” என்றார் தாய்.

பெண் தயங்கினாள். பிறகு துருத்தியை இழுத்தாள். ஓர் அடி வாசித்தாள், நின்றாள். அவள் தலை மட்டும் மெல்ல அசைந்தது. மீண்டும் ஓர் அடி, மீண்டும் மௌனம்.

“ஏம்மா நடுவுல நடுவுல நிறுத்துற?” என்றார் ஆசிரியர்.

“நிறுத்தலைங்க சார். அது பாடறவங்க இடம்.”

தாய் அருகிலிருந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் மகள் இப்படித்தான் பழகுவாள். தையல் இயந்திரத்தை மிதித்தபடியே அவர் கத்துவார்: “ஒரு பாட்டையாவது முழுசா வாசிச்சுத் தொலையேன்டி!” மகள் சிரிப்பாளே தவிர விளக்கமாட்டாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “அக்கா, இவ மனுவே போடல. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.”

“பேசட்டும். ஏணியில ஏறினவங்களுக்கெல்லாம் மாலை போட்டாச்சு. ஏணி மட்டும் செவுத்துல சாஞ்சே கிடக்கணுமா? மனுவ இப்ப எழுதச் சொல்லு. பொழுது இன்னும் சாயல.”

“இவ போயிட்டா எங்களுக்கு யாரும்மா வாசிப்பா?” பண்ணைக்காரர் மகளின் குரல் உடைந்தது. அவளும் ஓர் ஆண்டு உழைத்து வந்தவள்தான்.

பெட்டிக்காரியின் கை துருத்தியிலிருந்து விலகிற்று. “அவ சொல்றது சரிதாம்மா. நான் இங்கயே...”

“வாய மூடு” என்றார் தாய். அதட்டலில் அழுகை இருந்தது. பிறகு மற்றவள் பக்கம் திரும்பினார். “கண்ணு, நீ நல்லாப் பாடற. உனக்கு இவ வேணுங்கிறதும் நெசம். அதுக்காக இவளக் கட்டிப் போடலாமா? நீயே சொல்லு.”

பண்ணைக்காரர் மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

“போய்த் தொலைடி” என்றாள் கடைசியில். “லீவுக்கு வந்தா மொதல்ல என் வீட்டுக்குத்தான் வரணும். வேற எவளுக்காவது வாசிச்சே, பெட்டியக் கெணத்துல போட்டுருவேன்.”

செயலாளர் காகிதம் தேடப் போனார். தாய் திரையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் அமர்ந்தார்.

“திரும்ப மொதல்லேருந்து வாசி. நிறுத்துற இடத்துல நிறுத்தியே வாசி. இந்தத் தடவை நான் கத்தமாட்டேன்.”

துருத்தி மூச்சிழுத்தது. ஓர் அடி வந்தது. பின் அந்த மௌனம் வந்தது. தாய் தலையசைத்தபடி அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.