முழத்துக்குக் கீழே

நஸீஹா தக்காளிச் செடிகளுக்கு நடுவே மண்டியிட்டுக் கையை மணலுக்குள் விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போயும் விரல் நுனியில் ஈரம் தட்டவில்லை. கையை உருவியபோது ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை. காலையிலேயே செடிகள் தலை தொங்கி நின்றன.

காயலை ஒட்டிய அந்த மணல்தோட்டங்களில் யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. குளிர்காலத்து மழை மணலுக்கடியில் இறங்கி, உப்புத்தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி படுத்துக்கிடக்கும். கடல் ஏறும்போது அதுவும் ஏறி வேரை நனைத்துவிட்டு இறங்கும். மணல் மட்டும் அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் உப்பு வேரைச் சுட்டுவிடும், கூடினால் வேர் தண்ணீர் எட்டாமல் தவித்தே சாகும். அதனால் ஒரு முழத்துக்குக் கீழே அங்கே எவனும் மண்வெட்டி போட மாட்டான். சண்டைக்காரன் தோட்டத்தில்கூடப் போட மாட்டான்.

இந்த வருஷம் மழை கையை விரித்துவிட்டது. வானத்தைத் திட்டி என்ன பயன், திட்டத்தான் செய்தார்கள்.

அவள் புருஷன் மோன்ஜி இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தான். முதுகு ஒடிய மணல் சுமந்து சுமந்து அந்தத் தோட்டத்தை மேடாக்கியவன், போன வசந்தத்தில் மணல் வண்டியிலிருந்தே விழுந்தான். சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான்.

"வேர் குடிக்குதா?"

"குடிக்குது. உங்க காப்பியவிட அதிகமாவே குடிக்குது."

துனிஸில் இருக்கும் மகள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், இங்கே வந்துவிடுங்கள் என்று. மோன்ஜி மனைவியிடம் சொன்னான்: "தோட்டம் பொழைச்சா நான் பொழைச்சேன். இல்லேன்னா என்னை அவ மாடி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. சத்தம் போட மாட்டேன். பொணம் எங்க சத்தம் போடப்போகுது?"

படுத்துக்கிடக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவன் சொன்னால் செய்கிறவன். இந்தச் செடிகள் போனால் அவனும் போய்விடுவான்.

பக்கத்துத் தோட்டம் ஜலீலாவுடையது. மலைப்பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், காயல் மணலுக்குப் புதுசு. எதைப் போட்டாலும் முளைத்தால் சிரிப்பாள், முளைக்காவிட்டாலும் சிரிப்பாள்.

"ஜலீலா, உங்க படகுல தண்ணி இறைக்கிற மோட்டார் சும்மாத்தானே கிடக்கு?"

"எடுத்துக்கங்க அக்கா. எங்க வீட்டு ஆம்பளையவிட அது உருப்படியா வேலை செய்யும். வேணும்னா அவரையும் சேர்த்தே கூட்டிட்டுப் போங்க."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல நஸீஹாவிடம் ஒரு பொய் தயாராக இருந்தது.

ஊர் முழுக்கச் சாப்பிட்டுக் கதவடைத்துத் தூங்கும் உச்சி வெயிலில், நாணல் தட்டி மறைவில் அவள் தோண்டினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று சொல்லிக்கொண்டேதான் தோண்டினாள். ஆள் இறங்கும் பள்ளமானதும் அடியில் தண்ணீர் சுரந்தது. அள்ளி வாயில் விட்டாள். நல்ல தண்ணீர். பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதாள்.

மோட்டார் ஓடியது. பொழுது சாய்வதற்குள் செடிகள் தலை நிமிர்ந்தன. அன்றைக்கு மோன்ஜி கேட்டபோது அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் ரொட்டியை மிச்சம் வைக்காமல் தின்றான்.

தினமும் மத்தியானம் இறைத்தாள். ஒருநாள் நாக்கில் ஏதோ கரித்தது. உதட்டு வேர்வைதான் என்று சொல்லிக்கொண்டாள். மறுநாளும் வேர்வைதான் என்றாள். அதற்குள் இலை ஓரங்கள் நெருப்பில் வாட்டியதுபோலச் சுருண்டுவிட்டன. மேலே கிடந்த நல்ல தண்ணீர்ப் பாலாடையை இவள் உறிஞ்சிவிட்டாள். கீழே காத்திருந்த உப்பு ஏறிக்கொண்டது.

பள்ளத்தை மூடி மேலே மணலை நிரவினாள். மோட்டாரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். செடிகள் நின்ற நிலையிலேயே செத்தன. வீட்டில் மட்டும், மோன்ஜி கேட்கும்போதெல்லாம், வேர் குடித்துக்கொண்டே இருந்தது. ஒரு காய் கொண்டுவா என்று அவன் கேட்கத் தொடங்கியதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் ஜலீலா ஒரு கிண்ணம் தக்காளியோடு முற்றத்தில் வந்து நின்றாள். காய்கள் சின்னதாக, இரத்தச் சிவப்பாக இருந்தன.

"என்னமோ அக்கா, இந்தத் தடவை காய் பெருக்கவே இல்லை. ஆனா வாயில வச்சா சர்க்கரை. என் மாமியாகூட ஒண்ணு கேட்டு வாங்கித் தின்னாங்கன்னா பார்த்துக்கங்க, என்னைத் திட்டாம. அண்ணனுக்குக் குடுங்க. கிண்ணத்துக்கு நான் இங்கயே இருக்கேன்."

நஸீஹாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உள்ளே போய் ஒரு காயை நறுக்கி, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்பு தூவாமல் அவன் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க, நம்ம தோட்டத்துக் காய்."

மோன்ஜி ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். மெல்லுவது நின்றது. இன்னொரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தான்.

"எவ்வளவு ஆழம் தோண்டின?"

அவள் எண்ணெய்க் குப்பியை மூடிவைத்தாள்.

"மழை பெய்யாத வருஷத்துல இப்படி இனிக்குமா? உப்பு வேரைத் தொட்டாத்தான் இப்படி இனிக்கும். மொதல்ல இனிப்பு, பின்னால சாவு. எத்தனை செடி மிச்சம் இருக்கு, சொல்லு."

"நம்மது ஒண்ணும் மிச்சமில்ல," என்றாள். "போன வாரமே எல்லாம் போச்சு."

"அப்ப இது?"

கேட்டுவிட்டு அவனே வாசல் பக்கம் திரும்பினான். நஸீஹாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருப்பது நாணல் தட்டிதான். மணலுக்கடியில் ஏது தட்டி?

வெளியிலிருந்து ஜலீலாவின் குரல் வந்தது. "அண்ணே, எப்படி இருக்கு? பிடிச்சிருந்தா தெனம் கொண்டாரேன். இந்த வருஷம் அல்லா என் பக்கம் பார்த்துட்டார்."

மோன்ஜி தட்டைத் தள்ளிவைத்தான். நஸீஹாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றான். "நீ போய்ச் சொல்லு."

நஸீஹா மிச்சக் காய்களைக் கூடையில் கொட்டி, கிண்ணத்தைக் கழுவித் துடைத்தாள். துடைத்த கிண்ணத்தையே மறுபடியும் துடைத்தாள். பிறகு முற்றத்துக்கு வந்தாள். ஜலீலா சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

நஸீஹா கிண்ணத்தைக் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் உட்காரு, ஜலீலா," என்றாள்.