தண்ணீர் இறங்காத பாத்தி

என் வீட்டுக்காரர் வேல்முருகனுக்கு இரண்டு கால்விரல் போனபோது ஊரே வந்து அவருக்கு ஆறுதல் சொன்னது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் நன்றாக இருப்பதாக நினைத்திருப்பார்கள். விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய், வெயில் மண்டையைப் பிளக்கும்வரை உப்பு வாரிக் கொட்டி, வீட்டுக்கு வந்து சோறு பொங்கி, அவர் காலுக்குக் கட்டு மாற்றி, துணி துவைத்துவிட்டுப் படுத்தால் இடுப்பு தனியாகவும் நான் தனியாகவும் கிடப்போம். இதற்குப் பெயர் நன்றாக இருப்பது என்றால், நான் நன்றாகத்தான் இருந்தேன்.

எல்லாம் சர்க்கரை செய்த வேலை. உப்புத் தண்ணீரில் இருபத்தைந்து வருடம் நின்ற காலில் ஒரு சின்ன வெடிப்பு. அது ஆறவே இல்லை. போன ஆடியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்துவிட்டு, இனி உப்பளத்தில் கால் வைக்கக் கூடாது, காலில் ஈரமே படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அன்று கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். கூப்பிட்டால் ‘உம்’. தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். நர்சிங் படிக்கிற மகள் இலக்கியா ஹாஸ்டலில் இருந்து போன் செய்தால், “அம்மாகிட்ட பேசு” என்று என்னிடம் நீட்டிவிடுவார். விரல் போனதைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனுஷன் இப்படியே படுத்துப் படுத்துப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்று தோன்றியது.

மாசியில் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூர்யா, இங்க வா. இதைப் பாரேன்.”

எந்த நாட்டுக்காரியோ, பலகையில் பெரிய பெட்டி மாதிரி செய்து மண் நிரப்பிச் செடி வைத்திருந்தாள். பெட்டியைச் சுற்றி உட்காருவதற்குப் பலகை. உட்கார்ந்தபடியே ஒரு கீரையைக் கிள்ளிக் காட்டிச் சிரித்தாள். அவளுக்கென்ன, சிரிப்பாள்.

“குனியவே தேவையில்ல பாரு. உக்காந்த எடத்துலயே வெதை போடலாம், களை புடுங்கலாம். நம்ம மண்ணு உப்பு, ஒண்ணும் வராது. இப்பிடி மேல கட்டிட்டா நல்ல மண்ணு கொட்டிக்கலாம்ல?”

“யாரு கட்டறது?”

“நாமதான்.”

அந்த ‘நாம’ யாரென்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் எட்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான். சரி என்று தலையாட்டினேன்.

இலக்கியாவின் பழைய ரெக்கார்டு நோட்டில் ஒரு வாரம் படம் போட்டார். ஆறடிக்கு மூணடி. முதலில் ஒரு பக்கம் இருக்கை வைத்தார், பிறகு அடித்தார், பிறகு இரண்டு பக்கமும் வைத்தார். நான் அசந்து வந்து உட்கார்ந்தால் போதும், நூலை எடுத்துக்கொண்டு வந்து என் குதிகாலிலிருந்து முட்டிவரை அளப்பார். துணி தைக்கக்கூட யாரும் என்னை இத்தனை முறை அளந்ததில்லை.

“எதுக்குய்யா ரெண்டு பக்கம்?”

“ஒண்ணு உனக்கு.”

“நான் எந்தக் காலத்துல உக்காரப் போறேன்?”

நூலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் படத்திலிருந்து அந்த இருக்கையை அழிக்கவில்லை.

திட்டம் அவருடையது, இடுப்பு என்னுடையது. வீடு கட்டி மிச்சமான செங்கல் பின்பக்கம் கிடந்தது. தேள் இருக்கிறதா என்று தட்டித் தட்டி எடுத்து நான் வாசலுக்குச் சுமந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நூல் பிடித்துச் சுவர் வைத்தார். உட்காருவதற்குக் கடப்பா கல் துண்டுகள் கிடைத்தன. என்னோடு உப்பு வாருகிற பூவிழிக்குப் பக்கத்து ஊரான பிரம்மதேசத்தில் விவசாயக் குடும்பம். அவள் தம்பி குட்டியானை வண்டியில் ஏரி வண்டலும், தனியாகக் கொஞ்சம் களிமண்ணும் கொண்டுவந்து இறக்கினான். களிமண் அவர் கேட்டது.

“கீழேருந்து உப்பு ஏறும். அடியில களி போட்டு மிதிச்சுட்டா ஏறாது.”

மிதிப்பது எங்களுக்குப் புதிதா என்ன? ஒவ்வொரு தையிலும் உப்புப் பாத்தியின் தரையை நாள்கணக்கில் காலால் மிதித்துக் கெட்டியாக்குவோம். தரை கெட்டியாக இல்லாவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், உப்பு விளையாது. வேல்முருகன் மிதித்த பாத்தியில் ஊசிமுனை அளவுகூட இறங்காது என்று முதலாளியே சொல்வார். இந்தத் தையில் மற்றவர்கள் மிதித்தபோது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

இப்போது கல்லில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார். “குதிகாலை ஊனு. மூலையில இன்னும் ரெண்டு மிதி. அவசரப்படாதே.” நான் புடவையைச் செருகிக்கொண்டு மிதித்தேன். கால் வலித்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். அரைமணி நேரம் ஆகியும் அப்படியே நின்றது. “பார்த்தியா!” என்றார். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

வண்டலை நிரப்பித் தண்டுக்கீரையும் வெண்டையும் போட்டோம். முளைத்ததும் அவருக்குக் கட்டில் மறந்தே போனது. நான் வேலைக்குக் கிளம்பும்போதே கல்லில் உட்கார்ந்திருப்பார். இலக்கியாவுக்கு அவரே போன் போட்டு எத்தனை இலை விட்டிருக்கிறது என்று சொன்னார்.

மூன்றாவது வாரம் இலை மஞ்சளாகியது. வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு குடம் ஊற்றினார். செடி ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. பூவிழியைக் கூட்டி வந்தேன். அவள் மணிக்கட்டுவரை மண்ணுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். சேறு. சாக்கடை நாற்றம் அடித்தது.

“வேரெல்லாம் அழுகிப்போச்சு. அண்ணே, அடியில தண்ணி போறதுக்கு ஓட்டை வுடலையா?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“தண்ணி போவக் கூடாதுன்னுதானேம்மா மிதிச்சோம்” என்றார் அவர்.

பூவிழி சிரித்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை. தண்ணீரை இறங்கவிடாமல் காப்பதுதான் எங்கள் பிழைப்பு. செடிக்கு அது இறங்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் படவே இல்லை. வீட்டு வாசலில் நாங்கள் இன்னொரு உப்புப் பாத்தி கட்டியிருந்தோம்.

பூவிழி போனதும் அவர் எழுந்து உள்ளே போனார். சுவரைப் பார்த்துப் படுத்தார்.

“நாளைக்கு வந்து அள்ளிப் போட்டுட்டு ஓட்டை போட்டுடறேன்யா.”

“வேணாம். வுட்டுடு.”

ஆறடிக்கு மூணடி சேற்றை அள்ள என் உடம்பில் தெம்பு இல்லை. அந்த முதுகை இன்னும் எட்டு மாதம் பார்க்கவும் தெம்பு இல்லை. மறுநாள் உப்பளத்தில் கை ஓடவில்லை. அள்ளித்தான் ஆக வேண்டும் என்று எண்ணிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தெருவில் வரும்போதே இரும்புச் சத்தம் கேட்டது. அவர் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, சுவரின் அடிவரிசைச் செங்கல் ஒன்றைக் கடப்பாரையால் பெயர்த்திருந்தார். கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று அவர் காலைச் சுற்றி ஓடியது. கட்டுப் போட்ட துணி ஊறித் தொங்கியது.

“யோவ்! அறிவிருக்குதா உனக்கு? ஈரம் படக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? எழுந்திரு! போய்க் கட்டில்ல படு!”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. சேற்றில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

“எனக்கு முடியலய்யா. இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னால நிக்க முடியாது.”

அவர் கடப்பாரையைக் கீழே வைத்தார்.

“நான் படுத்துக் கெடந்தா மட்டும் உன்னால முடியுதா?” என்றார்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அந்த மூலையில இன்னும் நிக்குது சூர்யா. ஒரே ஒரு கல்லு. அதை மட்டும் எடுத்துடறேன்.”

கட்டைப் பிரித்துப் பார்த்தேன். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது, ரத்தம் இல்லை. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, மருந்து வைத்து, புதுத் துணியால் கட்டினேன். அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் பையை மாட்டி, கணுக்காலில் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டேன். ஸ்டூலை எடுத்துவந்து காய்ந்த இடமாகப் பார்த்துப் போட்டு, அவரைத் தூக்கி உட்கார வைத்தேன்.

“ஒரு கல்லுதான்” என்று சொல்லிக் கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.