ஏழு நாள் மாத்திரை

சுனாமிக்கு அடுத்த கோடை அது. கொளஞ்சிக்கும் அவள் ஓரகத்தி அமராவதிக்கும் ஒரே வாரத்தில் காலில் புண் வந்தது. மரக்காணம் உப்பளத்தில் நாளெல்லாம் உப்புத்தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு அது புதிதில்லை. ஆனால் அமராவதியின் புருஷன் சடையப்பன் பதறிப்போய், அவளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போய் ஏழு நாள் மாத்திரை வாங்கி வந்தான். கொளஞ்சியின் புருஷனோ, "மஞ்சா வெச்சிக் கட்டு" என்று சொல்லிவிட்டு பீடி பற்றவைத்தான்.

கொளஞ்சிக்கு வயிறு எரிந்தது. வேளை தவறாமல் மாத்திரையும் சொம்புமாகச் சடையப்பன் வந்து நிற்பதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் என்ன பெரிய மகாராணியா?

மூன்றாம் நாள் அமராவதியின் புண் காய்ந்தது. கொளஞ்சி மெதுவாகப் போய் உட்கார்ந்தாள்.

"அதான் ஆறிடுச்சே. இன்னும் எதுக்கு அத்த துன்னுற? கொடலு வெந்துடும். மிச்சத்த எனக்குக் குடு."

"ஏழு நாளும் போடணும்னு டாக்டரம்மா சொன்னாங்கக்கா."

"அவுங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க."

அக்கா காலும் ஆறட்டும் என்று அமராவதி அட்டையை நீட்டிவிட்டாள். கொளஞ்சியின் கால் ஆறியும் விட்டது.

பத்தே நாளில் அமராவதியின் கால் மறுபடி சிவந்து முழங்கால்வரை வீங்கியது. அதே மாத்திரையைத் திரும்ப வாங்கிப் போட்டும் கேட்கவில்லை. சடையப்பன் அவளைத் தூக்கிக்கொண்டே பஸ் ஏறினான். துணைக்குக் கொளஞ்சியும் போனாள்.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, சீழ் எடுத்துச் சோதித்தார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா காகிதத்தோடு வந்து சத்தம் போட்டார்.

"பாதியில நிறுத்தியிருக்க. நோஞ்சான் கிருமியெல்லாம் செத்துப்போச்சு. மருந்துக்குத் தாக்குப்பிடிச்சது மட்டும் தப்பிச்சுப் பெருகிடுச்சு. இனிமே அந்த மாத்திரை அதுங்ககிட்ட எடுபடாது. வேற ஊசி போடுறோம், அதுக்கும் அடங்கலன்னா காலையே எடுக்கவேண்டி வரும். யாரு உன்னை நிறுத்தச் சொன்னது?"



"யாரும் சொல்லலீங்க. நானேதான் நிறுத்திட்டேன்" என்றாள் அமராவதி.

கொளஞ்சி நிமிர்ந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் சடையப்பன் குனிந்து, "அழுவாத, நான் இருக்கேன்ல" என்று பெண்டாட்டியின் தலையைத் தடவினான்.

கொளஞ்சி அந்தக் கையையே பார்த்தாள். பாவி மனசு, அப்போதும் பொறாமைதான் பட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டு, ஆறிப்போன தன் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.