சான்றுப்பொருள் அறையில் ஒரு கான்

அஞ்சலோவுக்கு யாரையும் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. அந்த நல்ல குணந்தான் அவரைத் திருகோணமலை நீதவான் நீதிமன்ற வாங்கில் கொண்டுவந்து இருத்தியிருந்தது.

நடந்தது இதுதான். ஏப்ரல் மாதத்தில், ஒழுங்கையில் எங்கோ கசிப்பு என்னும் கள்ளச் சாராயம் காய்ச்சுவதாகத் துப்புக் கிடைத்து வந்த மதுவரி உத்தியோகத்தர்கள், அவருடைய குசினி மூலையில் வாய்க்குத் துணி கட்டிய பத்து லீற்றர் பிளாஸ்டிக் கானொன்றைக் கண்டார்கள். குனிந்து மணந்து பார்த்த அதிகாரி நிமிர்ந்தார்.

“இது உம்மடையோ?”

“ஓம் ஐயா.”

“புளிக்க வைச்சிருக்கிறீரோ?”

“ஓம் ஐயா, புளிக்கத்தான் வைச்சது.”

ஆகஸ்ட் மாதத்து மாதா திருநாளுக்கு அச்சாறு போடுவதற்காக, மனைவி றஜிதா தேங்காய்த் தண்ணீரில் சீனியும் ஈஸ்டும் கலந்து வினாகிரிக்கு வைத்திருந்தாள். முதலில் கள்ளைப்போல மணக்கும்; மாதக்கணக்கில் விட்டால்தான் வினாகிரியாகும். அதை அவர் சொல்லத் தொடங்குவதற்குள் இரண்டு ‘ஓம்’களும் அறிக்கையில் ஏறிவிட்டன. கட்டிய துணியோடும் கயிற்றில் வைத்த அரக்கு முத்திரையோடும் கான் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அஞ்சலோ சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் குழாய் பொருத்துபவர். வாயிலில் காட்டும் பாஸை ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். ஒரு குற்றம் பதிவானால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் பதினேழு வருட வேலையும் இல்லை.

வாங்கில் பக்கத்தில் இருந்த தம்பிராசா கசிப்பு வழக்குகளில் நன்கு அனுபவப்பட்டவர்.

“ஐஞ்சாந்தரம் வாறன், அண்ணை. குற்றவாளி எண்டு சொல்லித் தண்டத்தைக் கட்டுங்கோ. பத்து நிமிசத்தில வீட்ட போகலாம். அச்சாறுக் கதையெல்லாம் ஆர் கேக்கப்போயினம்?”

அன்று முன்னால் போன எட்டுப் பேரும் அப்படியே சொல்லிவிட்டு இறங்கினார்கள். அஞ்சலோவின் முறை வந்தது.

“குற்றவாளியா, சுற்றவாளியா?”

‘ஓம் ஐயா’ என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சட்டைப் பையில் இருந்த பாஸின் விளிம்பு விரலில் பட்டது.

“மன்னிக்க வேணும் ஐயா. நான்... சுற்றவாளி. குற்றம் ஒண்டும் செய்யேல்லை.”

அவருக்காகச் சட்டத்தரணி அருளம்பலம் எழுந்து, கானை முத்திரையோடு பகுப்பாய்வுக்கு அனுப்புமாறு பணிவாகக் கேட்டார். நீதவான் சம்மதித்தார். ஆனால் கொழும்பிலோ வரிசை நீளம். மே போயிற்று, ஜூனும் போயிற்று. தவணைக்குத் தவணை அறிக்கை வரவில்லை. அஞ்சலோ உறக்கமும் பசியும் குறைந்து மெலிந்தார். சான்றுப்பொருள் அறையில் இருந்த கானோ, யாருடைய தொந்தரவும் இல்லாமல், அமைதியாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜூலை நடுவில்தான் அது கொழும்புக்குப் போனது.

பாஸ் முடிய நான்கு நாள் இருக்கையில் அறிக்கை வந்தது. நீதவான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். மதுசாரம் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. மிகுதி, புளிப்புத் தரும் அசற்றிக் அமிலமும் தண்ணீரும். பொருள்: உணவுக்கு உகந்த வினாகிரி.

“எதிரி விடுதலை. கானைத் திருப்பிக் கொடுக்கவும்.”

அஞ்சலோ கும்பிட்டுவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினார்.

“அட, என்ர கானையும் மூண்டு மாசம் விட்டுப் பாத்திருக்கலாமே!” ஆறாந்தரம் வந்திருந்த தம்பிராசா பின் வாங்கில் இருந்தபடி சொன்னார். பொலிஸ்காரரும் சிரித்துவிட்டார்.

வீட்டில் றஜிதா கயிற்றை அறுத்து, ஒரு கரண்டி எடுத்து ருசித்தாள். கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

“அருமையா வந்திருக்கு! இஞ்ச இருந்திருந்தா நாளுக்கு நாலுதரம் திறந்து பாத்து நானே பழுதாக்கியிருப்பன். கோட்டில நல்லாப் பாத்திருக்கினம்.”

அஞ்சலோ தீர்ப்பின் பிரதியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு திறந்து, இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தார். அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

“நாளைக்குப் பாஸ் எடுக்கப் போறன்.”

“போங்கோ. ஆனா இஞ்சேருங்கோ, அங்க என்ன கேட்டாலும் உடன ‘ஓம் ஐயா’ எண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

“ஓம்” என்றார் அஞ்சலோ.